சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி: மேலப்பாளையத்துப் பெண் ஒருத்தியின் நன்றிப் பதிவு

நம் கல்லூரியின் கதையை 1971இல் தொடங்குவது வழக்கம். நான் இன்னும் முந்நூறு ஆண்டுகள் பின்னே போக விரும்புகிறேன். 1632இல் காயல்பட்டினத்தில் பிறந்து, கீழக்கரையில் வாழ்ந்து, 1703இல் மறைந்த மகான் சதக்கத்துல்லாஹ் அப்பா, அரபு மொழியில் பெரும்புலமை பெற்றவர். வள்ளல் சீதக்காதி போற்றிய ஞானி. நபிகள் நாயகத்தின் வரலாற்றைத் தமிழில் காப்பியமாகப் பாட விரும்பிய உமறுப்புலவர், அதற்கான செய்திகளைத் தேடி அப்பா அவர்களிடம்தான் போனார். அப்பா அவரைப் பரங்கிப்பேட்டையில் இருந்த தம் மாணவரிடம் அனுப்பினார். அந்த மாணவர் உரை சொல்ல, சீறாப்புராணம் உருவாயிற்று. அரபு அறிந்த ஆசானும் தமிழ் அறிந்த புலவரும் கைகோத்த அந்த நாளில்தான் நம் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது என்பது என் துணிபு.

ஆங்கிலக் கல்வி வந்த காலத்தில் நம் முஸ்லிம் சமுதாயம் பின்தங்கி நின்றது. அதை மாற்றத் துணிந்தவர்கள் சமுதாயப் பெரியவர்களே. 1919இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. 1951இல் சென்னையில் புதுக்கல்லூரியும் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியும் தோன்றின. 1955இல் நீதிபதி பஷீர் அகமது சயீத் சென்னையில் பெண்களுக்கென்றே எஸ்.ஐ.இ.டி. கல்லூரியைத் தொடங்கினார். உத்தமபாளையம், மேல்விஷாரம், இளையான்குடி என்று அந்த வரிசை நீண்டு, 1971இல் பாளையங்கோட்டை ரஹ்மத் நகரில் நம் கல்லூரியாக வந்து நின்றது.

பாளையங்கோட்டைக்குக் கல்லூரி புதிதல்ல. தூய யோவான், தூய சவேரியார், சாராள் தக்கர் என்று கிறிஸ்தவப் பெருமக்கள் நிறுவிய கல்விக்கூடங்கள் ஏற்கெனவே இருந்தன. அவற்றில் படித்து உயர்ந்த நம் பிள்ளைகளும் உண்டு. அந்த நன்றியை மறக்கக் கூடாது. ஆனாலும், பல வீடுகளில் கல்லூரி என்பது யாரோ போகிற இடமாகவே இருந்தது. தனக்கென்று ஒரு கல்லூரி எழுந்த பிறகுதான் அந்த வீடுகளின் கதவு திறந்தது.

எழுபதுகளில் கல்லூரி மதுரைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது. அப்போது எங்கள் ஊர் மேலப்பாளையம் எப்படி இருந்தது என்று எங்கள் வாப்பும்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். தெருவுக்குத் தெரு தறிச் சத்தம். பாளையங்கால்வாய்த் தண்ணீர், செவ்வாய்க்கிழமை ஆட்டுச் சந்தை, நெசவு, தொழுகை: ஊரின் வாழ்க்கை அவ்வளவுதான். தறி நலிந்தபோது ஆண்கள் வளைகுடாவுக்குப் போனார்கள். பெண்கள் பீடித்தட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

எங்கள் உம்மாவும் அப்படித்தான். இரவே இலையை நனைத்து வைப்பார். சுபுஹு தொழுதுவிட்டு, தகரத்தை அளவுக்கு வைத்து இலையை வெட்டி, தூளைப் பரத்தி, சுருட்டி, நூலால் கட்டுவார். முனை மடக்குவது எங்கள் வேலை. என் முதல் பருவக் கட்டணம் அந்தத் தட்டிலிருந்து வந்தது. பணத்தாள்களில் புகையிலை வாசம் இருந்தது. அலுவலகத்தில் எண்ணி வாங்கியவர் முகம் சுளிக்கவில்லை. இந்தக் கல்லூரி மலரில் கொடையாளர் பெயர்கள் வரிசையாக வரும். சுருட்டிச் சுருட்டி விரல் காய்த்த மேலப்பாளையத்துத் தாய்மார்களையும் அந்த வரிசையில் சேர்க்க வேண்டும் என்று உரிமையோடு கேட்கிறேன்.

1990இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் உருவானபோது கல்லூரி அதன்கீழ் வந்தது. பின்வந்த ஆண்டுகளில் மாணவியர் கூட்டம் பெருகியது. என் படிப்பு அந்தக் காலத்தில்தான். பெண்ணை வெளியே அனுப்பத் தயங்கிய வாப்பா, கல்லூரியின் பெயரைக் கேட்டதும், "அப்பா பேருல உள்ள காலேஜ்தான, போயிட்டு வரட்டும்" என்றார். அந்த ஒரு சொல் எனக்குப் பட்டம் தந்தது. வகுப்பில் பர்தாவுக்கு யாரும் காரணம் கேட்கவில்லை. நோன்பு நாளில் ஏன் சாப்பிடவில்லை என்று விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்தத் தெம்போடு பாடத்தில் மட்டும் கருத்தைச் செலுத்தினோம். பக்கத்து இருக்கையில் இந்துத் தோழியும் கிறிஸ்தவத் தோழியும் இருந்தார்கள். எனக்குப் பாடம் நடத்திய ஆசிரியர்களிலும் எல்லா மதத்தவரும் உண்டு.

உலகில் பிற இடங்களிலும் இப்படி நடந்திருக்கிறது. 1881இல் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில், ஒரு தேவாலயத்தின் நிலவறையில், 11 கறுப்பினப் பெண்களோடு தொடங்கிய பள்ளிதான் இன்றைய ஸ்பெல்மன் கல்லூரி. அடிமைத்தளையிலிருந்து அண்மையில் விடுபட்டிருந்த பெண்கள் அங்கே எழுத்தறிந்தார்கள். கறுப்பின மக்களுக்கென 1867இல் எழுந்த ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் படித்தவர்தான், திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்தை வேராகக் கொண்ட கமலா ஹாரிஸ். அவர்கள் பட்ட பாடு வேறு, நாம் பட்ட பாடு வேறு. என்றாலும், ஒதுங்கி நின்ற சமுதாயத்தின் பிள்ளைகளுக்கென்றே எழுந்த கல்விக்கூடம் என்ன செய்யும் என்பதை நான் எங்கள் தெருவிலேயே பார்த்தேன்.

2007இல் தமிழ்நாடு அரசு பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு தந்தது. அதைப் பயன்படுத்திக்கொள்ளப் படித்த பிள்ளைகள் ஆயத்தமாக இருந்தார்கள்; நம் கல்லூரி போன்றவை அவர்களை ஆயத்தமாக்கியிருந்தன. கல்லூரி தன்னாட்சித் தகுதி பெற்றது. 2021இல் ஐம்பது ஆண்டுகளைக் கடந்தது. இன்று மேலப்பாளையத்திலேயே அன்னை ஹாஜரா மகளிர் கல்லூரியும் இருக்கிறது. என் தலைமுறைப் பெண்கள் ஆசிரியர்களாகவும் அலுவலர்களாகவும் பணிபுரிகிறார்கள்.

முன்னாள் மாணவ, மாணவியருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டிலிருக்கும் பெண் பிள்ளை இருந்தால், விண்ணப்பப் படிவத்தை வாங்கிக்கொண்டு நீங்களே அந்த வீட்டுக்குப் போங்கள். அவள் வாப்பாவிடம் உட்கார்ந்து பேசுங்கள். முதல் பருவக் கட்டணத்தையும் நீங்களே கட்டுங்கள்.