ஃபூக்ஸ் சக்கரம் போன வழி

பழைய ஏர்கூல்டு கார் வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் பேச்சு சுற்றிச் சுற்றிச் சக்கரத்தில் வந்து நிற்கும். கம்பெனி போட்டுக் கொடுத்த சக்கரத்தையே காப்பாற்றி வைத்திருப்பதுதான் காருக்குச் செய்யும் மரியாதை என்பார் ஒருவர். வேறொரு காரின் சக்கரத்தைக் கொண்டுவந்து பூட்டிப் புது முகம் கொடுப்பதில் என்ன தப்பு என்பார் இன்னொருவர். இந்த வழக்கில் இரண்டு தரப்பும் சாட்சிக்கு அழைக்கும் சக்கரம் ஒன்று உண்டு. ஐந்து அகன்ற இதழ்கள் கொண்ட ஃபூக்ஸ் சக்கரம்தான் அது. அது பிறந்த கதையும் கார் மாறிய கதையும் தெரிந்தால் வழக்குக்குத் தீர்ப்பு சொல்வது எளிது.

பிறந்த இடம்

ஜெர்மனியின் மேற்குப் பகுதியில் உள்ள மைனர்ட்ஸ்ஹாகன் என்ற சிற்றூரில் 1910-இல் தொடங்கிய உலோகப் பட்டறை ஓட்டோ ஃபூக்ஸ். 1960களின் நடுவில் ஸ்டுட்கார்ட்டிலிருந்து போர்ஷே நிறுவனம் அவர்களைத் தேடி வந்தது. போர்ஷேவின் 911 காருக்கு வேகம் கூடிய வடிவம் ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. அதன் பெயர் 911 எஸ். இரண்டு லிட்டர், ஆறு சிலிண்டர், காற்றால் குளிரும் என்ஜின். சாதாரண 911-இல் 130 குதிரைத்திறன், இதில் 160.

911-இன் என்ஜின் பின் அச்சுக்கும் பின்னால் இருக்கிறது. பாரம் முழுவதும் பின்பக்கம் சாய்ந்த இப்படியொரு கார் வளைவில் வேகமாகத் திரும்பும்போது டயர் தரையை விட்டு எழும்பக் கூடாது. சக்கரம், டயர், பிரேக் மூன்றும் ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பவை. சாலையின் மேடு பள்ளத்தோடு சேர்ந்து ஏறி இறங்குபவை. அவற்றின் எடை குறையக் குறைய டயர் தரையை ஒட்டியே ஓடும். 911 எஸ்-இல் காற்று உள்ளே புகுந்து போகும் டிஸ்க் பிரேக்குகள் வேறு இருந்தன. அவற்றுக்கும் காற்று போக வழி வேண்டும். எனவே எடை குறைந்த, காற்று புகக்கூடிய, அதே சமயம் இரும்புக்கு ஈடான உறுதியுள்ள சக்கரம் தேவைப்பட்டது.

உருகிய அலுமினியத்தை அச்சில் ஊற்றி வார்த்தெடுப்பது அன்றைக்குத் தெரிந்த வழி. ஆனால் வார்ப்பில் உள்ளே காற்றுக்குமிழி தங்கிவிடலாம். அந்த இடத்தில் பலம் குறையும். அதை ஈடுகட்ட வேண்டுமானால் கனம் கூட்டித்தான் ஆக வேண்டும். ஃபூக்ஸ் பட்டறைக்கு ஃபோர்ஜிங் கைவந்த கலை. அலுமினியக் கட்டியைச் சூடாக்கி, பெரிய பிரஸ்ஸில் வைத்து அழுத்தி உருவம் கொடுப்பார்கள். அழுத்தத்தில் உலோகம் இறுகி, அதன் இழையோட்டமும் சக்கரத்தின் உருவத்தை ஒட்டியே அமைந்துவிடும்.

டயர் உட்காரும் ரிம் வந்த விதத்தை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பிரஸ்ஸிலிருந்து வரும்போது அதற்கு ரிம்மே கிடையாது. நடுவில் இதழ்களும் ஓரத்தில் தடித்த ஒரு வளையமும் கொண்ட தட்டுபோல இருக்கும். அந்த வளையத்தைச் சுழலவிட்டு, ஓரத்தை நடுவாகப் பிளப்பார்கள். பிளந்த இரண்டு உதடுகளையும் உருளைகளால் அழுத்தி அழுத்தி, ஒன்றை முன்பக்கமும் மற்றதைப் பின்பக்கமும் விரிப்பார்கள். விரிந்து முடிந்தால் அதுதான் ரிம். இதழும் ரிம்மும் ஒரே உலோகம். இடையில் ஒட்டோ பற்றவைப்போ இல்லை. பிறகு பதப்படுத்தல், லேத்தில் கடைதல், துளையிடுதல், மெருகேற்றி அனோடைசிங் என்ற காப்புப் படலம் ஏற்றுதல்.

உருவத்தை அமைத்தவர் போர்ஷேவின் வடிவமைப்புக் கூடத்தில் இருந்த ஹைன்ரிஹ் கிளீ. 911 காரை வடிவமைத்த ஃபெர்டினாண்ட் அலெக்சாண்டர் போர்ஷே அதைத் திருத்திச் செம்மைப்படுத்தினார். 1966-இல், 1967 மாடலாக வெளிவந்த 911 எஸ்-இல் 15 அங்குல விட்டமும் நாலரை அங்குல அகலமும் கொண்ட ஃபூக்ஸ் சக்கரங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் சுமார் 5 கிலோ. இரும்புச் சக்கரத்தைவிட ஏறத்தாழ 3 கிலோ குறைவு. காருக்குச் சுமார் 12 கிலோ மிச்சம், அதுவும் ஸ்பிரிங்குக்குக் கீழே.

வளர்ந்த கதை

அடுத்தடுத்த வருடங்களில் சக்கரம் அகலமாகிக்கொண்டே போனது. 1968 மாடலில் ஐந்தரை, 1969-இல் ஆறு அங்குலம். 1973 மாடலாக வந்த கரேரா ஆர்எஸ்-இல் முன்னால் ஆறு, பின்னால் ஏழு. வெள்ளை ஆர்எஸ் கார்களின் பக்கவாட்டில் கரேரா என்று சிவப்பிலோ நீலத்திலோ பச்சையிலோ எழுதியிருக்கும். சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் அதே வண்ணம் அடித்திருந்தார்கள். பின்னால் பாரம் அதிகமுள்ள காருக்குப் பின்சக்கரம் அகலமாக இருந்தால் பிடிமானம் கூடும். அந்தத் தேவைக்கு வந்த ஏற்பாடு போகப்போக 911-இன் முகமாகவே ஆகிவிட்டது. 70களின் கடைசியில் விட்டம் 16 அங்குலம் ஆனது. 1989 வரை ஃபூக்ஸ் சக்கரம் 911-ஐ விட்டுப் பிரியவில்லை.

உறவு இருந்தும் ஒட்டாத போல்ட்

போர்ஷேவும் ஃபோக்ஸ்வாகன் பீட்டிலும் ஒரே குடும்பம். பீட்டிலை வடிவமைத்தவர் ஃபெர்டினாண்ட் போர்ஷே. முதல் போர்ஷே காரான 356-ம் பீட்டிலின் உறுப்புகளை வைத்து எழுந்ததுதான். இரண்டிலும் சக்கரத்தைப் பிடிக்கும் ஐந்து போல்ட்டுகள் 205 மில்லிமீட்டர் வட்டத்தில் இருந்தன. டிஸ்க் பிரேக் வந்தபோது 356 சி அந்த வட்டத்தை 130 மில்லிமீட்டராகச் சுருக்கிக்கொண்டது. அதே அளவைத்தான் 911-ம் எடுத்துக்கொண்டது. பீட்டில் பழைய 205-லேயே இருந்துவிட்டு, 60களின் பிற்பாதியில் 130 மில்லிமீட்டர் வட்டத்தில் நான்கு போல்ட்டுக்கு மாறியது. எனவே பீட்டில்காரர் 911-இன் சக்கரத்துக்கு ஆசைப்பட்டால் ஒன்று போல்ட் வட்டம் ஒத்துவராது, இல்லையென்றால் போல்ட் எண்ணிக்கை ஒத்துவராது.

வழி திறந்துவிட்டது 914. போர்ஷேவும் ஃபோக்ஸ்வாகனும் சேர்ந்து 1969 முதல் 1976 வரை தயாரித்த கார் அது. நான்கு சிலிண்டர் 914-இல் பீட்டிலைப் போலவே 130 வட்டத்தில் நான்கு போல்ட். 1973 மாடலில் இரண்டு லிட்டர் 914 வந்தபோது அதற்காகவே நான்கு போல்ட் ஃபூக்ஸ் சக்கரமும் வந்தது. 15 அங்குல விட்டம், ஐந்தரை அங்குல அகலம்.

914 கார்களில் பெரும்பகுதி அமெரிக்காவில் விற்றது. அந்தக் காருக்கு ஒரு நோய் உண்டு. பேட்டரி வைத்திருந்த இடத்திலிருந்து அமிலம் கீழே இறங்கி, பின்பக்க அடிச்சட்டத்தையே துரு தின்றுவிடும். அலுமினியச் சக்கரத்தைத் துரு தீண்டாது. கார் உடைசலுக்குப் போன பிறகும் நான்கு சக்கரங்கள் நல்ல நிலையில் மிஞ்சின. அவை போய்ச் சேர்ந்த இடம் பீட்டில்.

கலிஃபோர்னியாவில் புதுக் குடித்தனம்

தெற்குக் கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் இளைஞர்கள் 60களிலிருந்தே பீட்டிலைப் பந்தயக் காராக மாற்றிக்கொண்டிருந்தார்கள். டெர் கிளைனர் பான்சர்ஸ் என்ற குழு அதில் பேர்போனது. முன்பக்கத்தைத் தாழ்த்தி, முன்னால் மெல்லிய டயரும் பின்னால் அகன்ற டயரும் போட்டு, பம்பரையும் பளபளக்கும் ஓரப்பட்டிகளையும் கழற்றிப் போட்டு, பெரிய என்ஜின் வைத்து கால் மைல் பந்தயத்துக்குப் போனார்கள். 1975 பிப்ரவரியில் ஹாட் விடபிள்யூஸ் இதழ் அந்தத் தோற்றத்துக்கு கலிஃபோர்னியா லுக் என்று பெயர் சூட்டியது.

அந்தக் கார்களில் தொடக்கத்தில் இருந்தவை ஸ்பீட்வெல் பிஆர்எம், எம்பி போன்ற சக்கரங்கள். பிறகு ஃபூக்ஸ் வந்தது. பழைய பிரேக் டிரம் கொண்ட பீட்டில்காரர்கள் போர்ஷே அளவுக்குத் துளையிட்ட டிரம் மாட்டி, 911-இன் ஐந்து போல்ட் சக்கரத்தையே கொண்டுவந்தார்கள். பலர் அனோடைசிங்கை உரித்து இதழ்களைக் கண்ணாடிபோல் பாலிஷ் செய்தார்கள். காப்பு போனதால் அந்தப் பளபளப்பை வாராவாரம் துடைத்துக் காக்க வேண்டும் என்று தெரிந்தேதான் செய்தார்கள். பீட்டில் பிரியர் முகம் சுளித்தார், போர்ஷே பிரியரும் முகம் சுளித்தார். இன்றைக்கோ ஃபூக்ஸ் போட்ட பீட்டில் இல்லாமல் கலிஃபோர்னியா லுக்கை நினைத்துப் பார்க்க முடியாது.

தாய்வீடும் அதை மறக்கவில்லை. 2009-இல் 250 கார்கள் மட்டும் என்று போர்ஷே வெளியிட்ட 911 ஸ்போர்ட் கிளாசிக்கில் அதே ஐந்து இதழ் உருவம் 19 அங்குலத்தில் வந்தது.

சக்கரத்தைத் திருப்பிப் பாருங்கள்

மவுசு ஏறியதும் நகல்களும் வந்தன. முன்னால் பார்த்தால் அசலேதான். பின்பக்கம் திருப்பினால் வித்தியாசம் தெரியும். அசலில் அகல அளவும் தயாரித்த மாதமும் வருடமும் முத்திரையாகப் பதிந்திருக்கும். பெரும்பாலான நகல்கள் வார்ப்பு. எடைத் தட்டில் வைத்தால் கனம் கூடுதலாகக் காட்டும்.

போல்ட் உட்காரும் குழியையும் பார்க்க வேண்டும். போர்ஷே, ஃபோக்ஸ்வாகன் அசல் சக்கரங்களில் அந்தக் குழி கிண்ணம்போல் உருண்டிருக்கும். வெளிக் கம்பெனிச் சக்கரங்கள் பலவற்றில் 60 டிகிரி கூம்பாக இருக்கும். உருண்ட குழியில் கூம்புத்தலை போல்ட்டைப் போட்டால், மரை ஒத்துப்போய் ஸ்பானரும் இறுகும். ஆனால் உள்ளே உலோகம் தொடுவது மெல்லிய ஒரு கோட்டில் மட்டும். ஓட்டத்தில் அது தளரும். அலுமினியச் சக்கரம் தடிப்பானது என்பதால் நீளமான போல்ட் தேவைப்படும். அளவுக்கு மிஞ்சிய நீளமானால் டிரம்முக்குள் இருக்கும் பிரேக் பாகத்தில் போய் முட்டும். 205 வட்டத்தை 130 ஆக்கித் தரும் அடாப்டர் வாங்கிப் போட்டால் சக்கரம் அதன் தடிமன் அளவுக்கு வெளியே தள்ளும். டயர் ஃபெண்டரில் உரசும், பேரிங்குக்கும் பாரம் கூடும். காசு கூடினாலும் டிரம்மை மாற்றுவதே சரி.

கேலிக்கு ஆளானாலும் ஃபூக்ஸ் சக்கரம் போன இடமெல்லாம் நிலைத்தது, ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் அளவுகோலை எடுத்து உட்கார்ந்ததால்தான். இரும்புச் சக்கரக் காலத்தில் ஃபோர்ஜிங் செய்த அலுமினியம் வழக்கத்துக்கு மாறானது. பீட்டிலில் போர்ஷே சக்கரமும் அப்படித்தான். இரண்டும் இன்று வழக்கமாகிவிட்டன. எனவே உங்கள் பழைய காருக்கு யாரும் போடாத சக்கரத்தைப் போட ஆசைப்பட்டால் தயங்க வேண்டாம். போல்ட் வட்டம், ஆஃப்செட் (சக்கரம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே நிற்கிறது என்ற அளவு), போல்ட் குழி, வெடிப்பில்லாத உலோகம் ஆகிய நான்கையும் சரிபார்த்துவிட்டுப் பூட்டுங்கள். இவற்றில் ஒன்று தவறினாலும், எவ்வளவு அழகான சக்கரமாக இருந்தாலும் வாங்காதீர்கள்.