இழுப்பதும் அதக்குவதும்

பெட்டிக்கடையில் பீடிக்கட்டும் புகையிலைப் பொட்டலமும் பக்கம் பக்கமாகத்தான் இருக்கின்றன. வாங்குகிற இருவர் மட்டும் ஒருவரை ஒருவர் ஒரு படி கீழாகவே பார்க்கிறார்கள். பீடி பிடிப்பவருக்கு வெற்றிலை எச்சில் அருவருப்பு. புகையிலை போடுபவருக்குப் புகை நாற்றம் ஆகாது. 'வாயில் அடக்கி வைப்பதில்லையே' என்று ஒருவர் சமாதானம் சொல்ல, 'நெஞ்சுக்குள் புகை விடுவதில்லையே' என்பார் மற்றவர். நுரையீரலை ஒதுக்கிவிட்டு, வாயை மட்டும் வைத்து இருவரையும் எடைபோட்டுப் பார்க்கலாம்.

புகைக்கு வாய் வெறும் வழி. அதக்கும் புகையிலைக்கோ அதுவே வீடு. இரண்டும் விட்டுச்செல்லும் தடயங்களும் அதற்கேற்ப இடம் மாறுகின்றன. புகை மேலெழுந்து அண்ணத்தைச் சுடுகிறது. நாளடைவில் அண்ணம் வெளுத்து, அங்குள்ள சிறு உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாய்கள் சிவப்புப் புள்ளிகளாகத் தெரிகின்றன. அதக்குபவருக்கோ கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில்தான் சேதம். அங்கே ஈறு இறங்கிப் பல்லின் வேர் தெரியும். உட்சதை சுருங்கி வெளுக்கும். எந்தப் பக்கம் அதக்குகிறார் என்று பல் மருத்துவர் கேட்க வேண்டியதில்லை.

இந்தப் பாகுபாட்டைக் குலைக்கும் பழக்கம் ஒன்று வட ஆந்திரக் கடலோரத்தில் உண்டு. ஸ்ரீகாகுளம், விசாகப்பட்டினம் பக்கத்துக் கிராமங்களில், பெரும்பாலும் பெண்கள், சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைப்பார்கள். மற்ற ஊர்களில் அரிதான அண்ணப் புற்று அவர்களிடையே மிகுதி. வழிப்போக்கனாக வந்த புகை வாய்க்குள் குடியேறிவிட்ட கதை இது.

செய்முறையிலும் ஓர் உறவு இருக்கிறது. இலையில் அடைபட்ட நிக்கோட்டினைப் பீடியில் நெருப்பு வெளியேற்றுகிறது. தாம்பூலத்தில் அந்த வேலையைச் சுண்ணாம்பு பார்க்கிறது: அதன் காரத்தன்மை நிக்கோட்டினை வாய்ச்சவ்வின் வழியே எளிதில் ஊடுருவும் வடிவத்துக்கு மாற்றிவிடுகிறது. சுண்ணாம்பு கூடினால் வாய் வெந்துபோகும் என்பது வெற்றிலை போடுபவர் எல்லாருக்கும் தெரியும். அளவாக இருக்கும்போது அது என்ன செய்கிறது என்பதுதான் தெரிவதில்லை.

எனக்கு வியப்பளித்த ஒற்றுமை வேறொன்று. இரண்டுமே வாயின் எச்சரிக்கையை முடக்குகின்றன. ஈறு நோயின் முதல் அறிகுறி ரத்தக் கசிவு. புகைப்பவருக்கு ரத்தக் குழாய்கள் சுருங்கிக் கிடப்பதால், பல் துலக்கும்போது ரத்தம் அவ்வளவாக வராது. ஈறு திடமாகவே தோன்றும். உள்ளே எலும்பு கரைந்து பல் ஆடத் தொடங்கிய பிறகே குட்டு வெளிப்படும். பழக்கத்தை விட்ட சில வாரங்களில் ஈறு கசிவதைக் கண்டு பதறுபவர்கள் உண்டு. அது புதிய நோய் அன்று. மறைந்திருந்தது வெளியே வருகிறது.

மெல்லுபவரின் வாய் வேறு விதமாக மறைக்கிறது: கதவையே சாத்திவிடுகிறது. முதலில் குழம்பின் காரம் பட்டாலே எரியும். பிறகு கன்னங்களில் நார்போல் இறுகி, வாய் திறப்பது ஆண்டுக்காண்டு குறையும். உள்ளே புற்று முளைத்தாலும் எட்டிப் பார்ப்பது கடினம். இதில் முதல் குற்றவாளி புகையிலை அன்று, பாக்கு. புகையிலை சேர்த்த தாம்பூலம் புற்றுக்குக் காரணம் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1985இல் முடிவு செய்தது. புகையிலை சேராத தாம்பூலத்தையும் வெறும் பாக்கையும் 2004இல் அதே பட்டியலில் சேர்த்தது. 'வெறும் பாக்குதானே' என்கிற வாதம் அத்துடன் அடிபட்டுப்போனது.

விட்ட பிறகு இருவர் கணக்கும் ஒன்றாக இல்லை. புகையை நிறுத்தியவரின் அண்ணம் பெரும்பாலும் பழைய நிறத்துக்குத் திரும்பும். ஈறும் சிகிச்சைக்கு நன்றாக இணங்கும். பாக்கினால் இறுகிய கன்னம் தானாக இளகுவதில்லை.

எந்தப் பழக்கம் உள்ளவரானாலும், உங்கள் மூன்று விரல்களைச் சேர்த்துச் செங்குத்தாக வாய்க்குள் நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றாலோ, வெள்ளையோ சிவப்போ ஆன திட்டு இரண்டு வாரம் கடந்தும் போகவில்லை என்றாலோ, வலிக்கட்டும் என்று காத்திராமல் பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.