இடைக்கால ஆங்கிலக் கவிதை ஆய்வு

இடைக்கால ஆங்கிலக் கவிதை ஆய்வு என்பது ஏறத்தாழ கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 15ஆம் நூற்றாண்டின் இறுதி வரை இங்கிலாந்தில் இயற்றப்பட்ட ஆங்கிலக் கவிதைகளையும், அவை தோன்றிய சமூகத்தையும் பண்பாட்டையும் ஆராயும் கல்வித்துறை ஆகும். இளங்கலை நிலையில் இதன் சில பகுதிகள் அறிமுகப்படுத்தப்பட்டாலும், முதுகலை மற்றும் முனைவர் பட்ட நிலைகளிலேயே இத்துறை விரிவாகப் பயிலப்படுகிறது. இன்றைய ஆங்கிலத்தை நன்கு அறிந்தவருக்கும் இக்கவிதைகளுள் பல தனிப்பயிற்சியின்றிப் புரிவதில்லை. மேலும் இவை பெரும்பாலும் கையெழுத்துச் சுவடிகளாகவே நமக்குக் கிடைத்துள்ளன. ஆகவே மொழியியல், சுவடியியல், வரலாறு ஆகிய மூன்றும் இத்துறையில் ஒருங்கே தேவைப்படுகின்றன.

காலப்பகுப்பு

இத்துறை பொதுவாக இரண்டு காலங்களாகப் பிரிக்கப்படுகிறது. 1066ஆம் ஆண்டின் நார்மன் படையெடுப்பை ஒட்டிய காலம் வரை வழங்கியது பழைய ஆங்கிலம். ஏறத்தாழ 1100 முதல் 1500 வரை வழங்கியது நடு ஆங்கிலம். பழைய ஆங்கிலம் வேற்றுமை உருபுகள் மிகுந்த செருமானிய மொழியாகும். நார்மன் ஆட்சியில் பிரெஞ்சு மொழி அரசவையிலும் இலத்தீன் திருச்சபையிலும் கோலோச்சியதால், நடு ஆங்கிலம் ஏராளமான பிரெஞ்சுச் சொற்களை ஏற்று, பழைய உருபுகளில் பெரும்பகுதியை இழந்தது.

பெயர் அறியப்பட்ட முதல் ஆங்கிலக் கவிஞர் கேட்மன் ஆவார். விட்பி மடாலயத்தில் மாடு மேய்த்து வந்த எழுத்தறிவற்ற இவர் கனவில் பாடல் பெற்றார் என்ற செய்தியை, பீட் என்னும் துறவி 731இல் முடித்த தம் வரலாற்று நூலில் குறித்துள்ளார்.

சுவடிகள்

பழைய ஆங்கிலக் கவிதைகளில் ஏறத்தாழ 30,000 அடிகளே எஞ்சியுள்ளன. அவற்றுள் பெரும்பகுதி நான்கு சுவடிகளில் அடங்கும்:

• எக்சிட்டர் சுவடி (எக்சிட்டர் பேராலயம், இங்கிலாந்து)
• வெர்செல்லி சுவடி (வெர்செல்லி, இத்தாலி)
• யூனியஸ் சுவடி (பாட்லியன் நூலகம், ஆக்ஸ்போர்டு)
• நோவெல் சுவடி (பிரித்தானிய நூலகம், லண்டன்)

3,182 அடிகள் கொண்ட பேவுல்ஃப் காப்பியம் நோவெல் சுவடியில் மட்டுமே உள்ளது. 1731இல் லண்டனில் ஆஷ்பர்னம் இல்லத்தில் ஏற்பட்ட தீவிபத்தில் இச்சுவடியின் ஓரங்கள் கருகின. அதன் பின்னர் ஓரங்கள் சிறிது சிறிதாக உதிர்ந்து பல எழுத்துகள் அழிந்தன. ஐஸ்லாந்தைச் சேர்ந்த தோர்க்கலின் என்பவர் 1780களில் எடுப்பித்த இரண்டு படிகள், பின்னர் உதிர்ந்துபோன எழுத்துகள் பலவற்றைக் காப்பாற்றியுள்ளன. 1845இல் ஒவ்வோர் ஏடும் காகிதச் சட்டத்தில் பொருத்தப்பட்டதால் மேலும் உதிர்வது தடுக்கப்பட்டது. ஆனால் அச்சட்டங்களே சில எழுத்துகளை மறைத்துவிட்டன. பின்னாளில் ஏட்டின் பின்புறம் ஒளியிழை விளக்கைச் செலுத்திப் படமெடுத்து, மறைந்த எழுத்துகள் மீட்கப்பட்டன.

நடு ஆங்கிலத்திலும் இந்நிலை உண்டு. 'சர் கவெய்னும் பச்சை வீரனும்' (2,530 அடிகள்), 'முத்து' (1,212 அடிகள்) முதலிய நான்கு கவிதைகள் ஒரே ஒரு சுவடியில்தான் எஞ்சியுள்ளன. அச்சுவடியும் 1731ஆம் ஆண்டுத் தீயிலிருந்து தப்பிய அதே காட்டன் நூற்தொகுதியைச் சேர்ந்ததாகும். இக்கவிதைகளை இயற்றியவர் பெயர் தெரியவில்லை. மாறாக, ஜெஃப்ரி சாசரின் (இறப்பு: 1400) 'கேன்டர்பரிக் கதைகள்' எண்பதுக்கும் மேற்பட்ட சுவடிகளில் கிடைக்கிறது. முதல் வகையில் ஒப்பிட்டுப் பார்க்க வேறு படி இல்லை என்பது சிக்கல். இரண்டாம் வகையில் பாடபேதங்கள் மிகுந்திருப்பது சிக்கல்.

யாப்பு

பழைய ஆங்கிலக் கவிதை மோனையை அடிப்படையாகக் கொண்டது. ஒவ்வோர் அடியும் இரண்டு அரையடிகளாகப் பிரியும். அடிக்கு நான்கு அழுத்த அசைகள் வரும். அவற்றுள் இரண்டோ மூன்றோ ஒரே ஒலியில் தொடங்கும். தமிழ் யாப்பில் மோனைக்கு இன உயிர்கள் வகுக்கப்பட்டிருக்க, பழைய ஆங்கிலத்தில் எந்த உயிரும் எந்த உயிருடனும் மோனையாகக் கொள்ளப்படும். நார்மன் காலத்துக்குப் பின் பிரெஞ்சு வழியாக இறுதி இயைபும் அசை எண்ணிக்கையும் பரவின. எனினும் 14ஆம் நூற்றாண்டில் மோனை யாப்பு மீண்டும் செழித்தது.

சாசரின் அடிகள் ஓசை குன்றியவை எனப் பிற்காலத்தார் கருதி வந்தனர். சொல்லின் இறுதியில் வரும் குற்றொலி அவர் காலத்தில் ஒலிக்கப்பட்டது என்பதை தாமஸ் டிர்விட் தம் 1775ஆம் ஆண்டுப் பதிப்பில் எடுத்துக்காட்டிய பின்னரே அவரது யாப்பின் ஒழுங்கு புலப்பட்டது.

துறையின் வரலாறு

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கிலத்திற்கான பேராசிரியர் பதவி 1795இல் ஏற்பட்டது. 1864இல் ஃபிரெடரிக் ஃபர்னிவால் நிறுவிய தொன்மை ஆங்கில நூற்கழகம் அச்சேறாத சுவடிகளைத் தொடர்ந்து பதிப்பித்து வருகிறது. நெடுங்காலம் இக்கவிதைகள் மொழிவரலாற்றுச் சான்றுகளாகவே மதிக்கப்பட்டன. பேவுல்ஃபைக் கவிதையாகவே படிக்கவேண்டும் என 1936இல் ஜே. ஆர். ஆர். டோல்கீன் ஆற்றிய சொற்பொழிவு இத்துறையில் ஒரு திருப்புமுனையாகக் கருதப்படுகிறது. வரலாறு, கலை, இலக்கியம் ஆகியவற்றை இணைத்துக் கற்பிக்கும் இடைக்கால ஆய்வு நடுவங்கள் டொரான்டோ பல்கலைக்கழகத்தில் 1964இலும் யார்க் பல்கலைக்கழகத்தில் 1968இலும் தொடங்கப்பட்டன.

பட்டமேற்படிப்பில் பயிலப்படுவன

• மொழிகள்: பழைய ஆங்கிலம், நடு ஆங்கிலம் ஆகியவற்றுடன் இலத்தீனும் பழைய பிரெஞ்சும் பயிலப்படுகின்றன. டொரான்டோ நடுவம் இலத்தீனுக்கெனத் தனித் தேர்வுகளை நடத்துகிறது.
• எழுத்தியல்: பல்வேறு காலத்துக் கையெழுத்து வகைகளையும் சுருக்கக் குறியீடுகளையும் படித்தல். தோர்ன், எத், வின், யோக் முதலிய வழக்கொழிந்த எழுத்துகளை அறிதல்.
• சுவடியியல்: தோலேடு செய்தல், மடித்தல், கட்டுதல் முதலியவற்றைக் கொண்டு சுவடியின் காலத்தையும் இடத்தையும் கணித்தல்.
• பதிப்பியல்: பாடபேதங்களை ஒப்பிட்டு, படியெடுத்தவரின் பிழையையும் இடைச்செருகலையும் பிரித்தறிதல்.
• வட்டார வழக்கியல்: நடு ஆங்கிலத்துக்குப் பொது எழுத்துமுறை இல்லாததால், எழுத்துக்கூட்டலைக் கொண்டே படியெடுத்தவரின் ஊரை உய்த்துணரலாம். 1986இல் வெளிவந்த பிற்கால நடு ஆங்கில மொழிநிலப்படம் இதற்குரிய முதன்மைக் கருவியாகும்.

மிச்சிகன் பல்கலைக்கழகம் 1952 முதல் 2001 வரை வெளியிட்ட நடு ஆங்கில அகராதி 15,000 பக்கங்களுக்கு மேற்பட்டது. இதனை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

பண்பாட்டுப் பின்னணி

கவிதைகளைப் புரிந்துகொள்ள அக்கால வாழ்க்கையை அறிதல் இன்றியமையாதது. 1348–49இல் பரவிய கொள்ளைநோயால் இங்கிலாந்தின் மக்கள்தொகை பெருமளவு குறைந்தது. ஆள் பற்றாக்குறையால் கூலி உயர்ந்தது. அதனைத் தடுக்க 1351இல் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது. இப்பூசல் 1381ஆம் ஆண்டு உழவர் கிளர்ச்சியில் வெடித்தது. வில்லியம் லாங்லண்டின் 'பியர்ஸ் என்னும் உழவன்' கவிதையில் உழைப்பும் கூலியும் பசியும் விரிவாகப் பேசப்படுகின்றன. கிளர்ச்சிக்காரர்களின் கடிதங்களிலும் பியர்ஸ் என்ற பெயர் இடம்பெற்றது.

அண்மைக்காலக் கண்டுபிடிப்புகள்

1380ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றில், செசிலி சாம்பெயின் என்ற பெண் சாசரை ஒரு குற்றச்சாட்டின் பொறுப்பிலிருந்து விடுவிக்கிறார். அதில் வரும் இலத்தீன் சொல் பாலியல் வன்முறையையும் குறிக்கலாம், ஆளைக் கொண்டுசெல்வதையும் குறிக்கலாம். 19ஆம் நூற்றாண்டில் இது வெளிப்பட்டது முதல், சாசரைப் படிக்கும் முறையையே இவ்வினா பாதித்து வந்தது. 2022இல் யூவன் ரோஜர், செபாஸ்டியன் சொபெக்கி ஆகியோர் இது தொடர்பான புதிய ஆவணங்களை வெளியிட்டனர். சாசரும் சாம்பெயினும் எதிரெதிர்த் தரப்பினர் அல்லர் என்றும், சாம்பெயினின் முன்னாள் முதலாளி தொழிலாளர் சட்டத்தின் கீழ் தொடுத்த வழக்கில் இருவருமே பிரதிவாதிகள் என்றும் அவை காட்டின. இதனால் பழைய குற்றச்சாட்டு வலுவிழந்தது. ஆயினும் சாசரின் கவிதைகளில் பெண்கள் மீதான வன்முறை குறித்துப் பெண்ணிய ஆய்வாளர்கள் எழுப்பிய வினாக்கள் இதனால் நீங்கிவிடவில்லை.

சாசர் இருமுறை குறிப்பிடும் வேட் என்ற வீரனின் பாடல் அழிந்துவிட்டது. அதன் சில அடிகள் மட்டும் கேம்பிரிட்ஜில் உள்ள ஓர் இலத்தீன் சமயச் சொற்பொழிவில் இருப்பதை 1896இல் எம். ஆர். ஜேம்ஸ் கண்டறிந்தார். அதில் உள்ள ஒரு சொல் 'வனதேவதைகள்' எனப் படிக்கப்பட்டு, பாடல் மாயக்கதையாகக் கருதப்பட்டது. படியெடுத்தவர் ஓர் எழுத்தை மாற்றி எழுதிவிட்டார் என்றும், சரியான சொல் 'ஓநாய்கள்' என்றும் 2025இல் ஜேம்ஸ் வேட், செப் பால்க் ஆகியோர் விளக்கினர். ஓரெழுத்துத் திருத்தத்தால் பாடல் மனிதரைப் பற்றிய வீரக்கதையாக மாறியது.

இன்றைய நிலை

'ஆங்கிலோ-சாக்சன்' என்ற பெயர் இனவாதத்துடன் தொடர்புபடுத்தப்படுவதால், இத்துறையின் பன்னாட்டுச் சங்கம் 2019இல் தன் பெயரிலிருந்து அதனை நீக்கியது. 2021இல் லெஸ்டர் பல்கலைக்கழகம் இடைக்கால இலக்கியப் பாடங்களைக் கைவிட முன்மொழிந்தபோது எதிர்ப்பு எழுந்தது. 2023 அக்டோபரில் பிரித்தானிய நூலகத்தின் கணினிகள் தாக்கப்பட்டதால், அங்கு எண்ணிமமாக்கப்பட்ட சுவடிப் படங்கள் பல மாதங்களுக்கு எவருக்கும் கிடைக்கவில்லை. சுவடிகளுக்குச் சேதம் இல்லை. எனினும், நேரில் சென்று பார்க்க இயலாத தொலைநாட்டு மாணவர்களின் ஆய்வு இதனால் தடைப்பட்டது. ஒரே படியாக எஞ்சிய நூல்களை ஒரே வழங்கியில் மட்டும் நம்பியிருத்தல் கூடாது என்பதையும் இந்நிகழ்வு உணர்த்தியது.