உலைக்கு முன்பே உருவாகும் குழாய்

கார்பன் நானோகுழாய் வளர்க்கும் ஆய்வுக்கூடங்களில் புழங்கும் ஒரு செய்முறையைச் சுருக்கினால் நான்கே வரி. உலை கடைசி வரியில்தான் வருகிறது. குழாயின் தரமோ பெரும்பாலும் அதற்கு முந்தைய வரிகளிலேயே முடிவாகிவிடுகிறது.

“ஃபெரோசீன் 2 கிராம், டொலுவீன் 100 மில்லி.”

டொலுவீன் கார்பனைத் தருகிறது. கற்பூர வாசம் வீசும் ஆரஞ்சு நிறப் படிகமான ஃபெரோசீன் இரும்பைத் தருகிறது. ஃபெரோசீனின் எடையில் 30 சதவீதம் இரும்பு. 2 கிராமில் 0.6 கிராம். உலையில் அந்த இரும்பு நானோ அளவுத் துகள்களாகத் திரள, அவற்றிலிருந்து கார்பன் குழாயாக நீள்கிறது. துகளின் பருமனை ஒட்டியே குழாயின் பருமனும் அமையும். ஃபெரோசீனைக் கூட்டினால் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பருக்கும். குழாய் தடிக்கும், உள்ளே இரும்பும் சிக்கிக்கொள்ளும். எனவே கடைசி மில்லிகிராம்வரை தராசைப் பார்த்து நிறுப்பது வீண் வேலையல்ல.

“முழுதும் கரைத்து வடிகட்டுக.”

கரையாத துணுக்கு, கரைசலைச் செலுத்தும் ஊசிமுனையை அடைக்கும். அடைப்பு விட்டதும் கரைசல் குபுக்கென்று பாயும்.

“200 டிகிரியில் ஆவியாக்குக.”

செய்முறையின் உயிர் இந்த வரிதான். டொலுவீன் 111 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். ஃபெரோசீன் உருகவே 173 டிகிரி வேண்டும். ஆவியாக்கும் பகுதியில் சூடு போதாவிட்டால் டொலுவீன் முந்திக்கொண்டு போகும், ஃபெரோசீன் ஆவி செல்லும் பாதையின் சுவரில் மஞ்சளாகப் படிந்து பின்தங்கும். உலைக்குள் கார்பன் வரும். அதற்கு ஈடான இரும்பு வராது. விளைவது குழாயல்ல, புகைக்கரி. சூடு 400 டிகிரியைத் தாண்டினாலும் ஆபத்துதான்: ஃபெரோசீன் வழியிலேயே சிதையத் தொடங்கும். இரண்டும் ஒரே சீராக ஆவியாகிச் சேர்ந்தே உலை புக வேண்டும் என்பதற்காகத்தான் 200.

“ஆர்கான், ஹைட்ரஜனோடு 800 டிகிரி உலைக்குள் செலுத்துக.”

ஆர்கான் காற்றை வெளியேற்றும். ஹைட்ரஜன் இரும்பை ஆக்சைடாக விடாது காக்கும். ஈரத்தைப் பற்றிச் செய்முறை ஒன்றும் சொல்லவில்லை. அது பெரிய குறை. 2004இல் ஜப்பானில் கென்ஜி ஹாட்டா குழுவினர் எத்திலீன் வாயுவோடு துளியளவு நீராவியைக் கலந்து, 10 நிமிடத்தில் 2.5 மில்லிமீட்டர் உயரத்துக்குக் குழாய்களை வளர்த்தார்கள். இரும்பின் மேல் மூடும் வேண்டாத கரியை நீர் அகற்றியது. அங்கே ஈரம் அளந்து விடப்பட்டது. டொலுவீனில் அளக்காமல் தங்கும் ஈரமோ ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விளைச்சலைத் தரக்கூடும். புட்டியைத் திறந்த தேதியையும் குறிப்பேட்டில் எழுத வேண்டும் என்பேன்.