நிலக்கரி பறந்த கதை

விமானத்தில் என்ன சரக்கு ஏற்றுவார்கள்? தபால், பூ, மீன், செல்போன், அவசர மருந்து... அதாவது எடை குறைவாகவும் விலை அதிகமாகவும் இருப்பது, அல்லது சீக்கிரம் அழுகிப் போவது. நிலக்கரியை யாராவது ஏற்றுவார்களா? அது ரயிலுக்கும் கப்பலுக்கும் உரிய சரக்கு என்று நம்ம பாடப் புத்தகமே சொல்லும். ஆனால் 1948 ஜூன் முதல் 1949 செப்டம்பர் வரை, பதினைந்து மாதம், ஒரு பெரிய நகரத்துக்கு நிலக்கரி விமானத்தில் போனது. மொத்தம் போன சுமார் 23 லட்சம் டன் சரக்கில் மூன்றில் இரண்டு பங்கு கரிதான்!

பெர்லின் ஏர்லிஃப்ட் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் குழந்தைகளுக்கு மிட்டாய் போட்ட விமானியைப் பற்றித்தான் முதலில் எழுதுவார்கள். அவரும் வருவார், கொஞ்சம் பொறுங்கள். எனக்குப் பிடித்தது இதில் உள்ள கணக்கு. காமர்ஸ்காரன் புத்தி, என்ன செய்ய :-)

முதலில் சண்டை எதனால் வந்தது என்று பார்த்துவிடுவோம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியை அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் யூனியன் நான்கும் பங்கு போட்டுக்கொண்டன. தலைநகர் பெர்லின் சோவியத் பகுதிக்கு உள்ளே, எல்லையிலிருந்து 160 கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அந்த நகரத்தையும் நான்காகப் பிரித்தார்கள். ஆக மேற்கு பெர்லின் என்பது சோவியத் பகுதிக்கு நடுவே ஒரு தீவு. அதில் இருபது லட்சத்துக்கும் மேல் ஜனங்கள்.

சண்டையைக் கிளப்பியது துப்பாக்கி இல்லை, ரூபாய் நோட்டு! பழைய மார்க் நோட்டுக்கு மதிப்பே இல்லாமல் போய், சந்தையில் சிகரெட்டைப் பணமாகக் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. 1948 ஜூன் 20-ல் மேற்கு நாடுகள் தங்கள் பகுதியில் டாய்ச் மார்க் என்ற புது நோட்டை வெளியிட்டன. சோவியத் தன் பங்குக்கு இன்னொரு நோட்டு விட்டது. மேற்கு பெர்லினிலும் டாய்ச் மார்க்தான் என்று மேற்கு நாடுகள் சொன்னதும், ஜூன் 24-ல் சோவியத் ரயில், ரோடு, கால்வாய் எல்லாவற்றையும் அடைத்துவிட்டது. கிழக்கிலிருந்து வந்த கரண்டும் நின்றது.

வானத்தை மட்டும் ஏன் விட்டார்கள்? 1945 நவம்பரில் மூன்று வான் பாதைகளுக்கு எழுத்து மூலமாக ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றும் 32 கிலோமீட்டர் அகலம். ரோட்டுக்கும் ரயிலுக்கும் அப்படி எதுவும் எழுதி வாங்கவில்லை, வாய்ப்பேச்சோடு சரி. காண்ட்ராக்ட் ஆக்ட் நடத்தும் எந்த வாத்தியாரும் இந்த உதாரணத்தைச் சொல்வதில்லை என்பது எனக்கு ஒரு குறை.

இனி கணக்கு. நகரத்தில் இருந்த கையிருப்பு: சாப்பாடு 36 நாளுக்கு, கரி 45 நாளுக்கு. ஒரு நாளைக்குக் குறைந்தது 4,500 டன் சரக்கு வேண்டும். கையில் இருந்ததோ பெரும்பாலும் சி-47, நம் ஊரில் டக்கோட்டா என்பார்களே, அதுதான். ஒரு நடைக்கு மூன்று டன் ஏற்றலாம். அப்படியானால் தினம் 1,500 நடை. ஒரு நாளில் இருப்பதே 1,440 நிமிடம்தான்! நிமிடத்துக்கு ஒன்றுக்கும் மேல், ராத்திரி பகல் பாராமல், மழையானாலும் பனியானாலும் இறங்கவேண்டும். இருந்தது டெம்பல்ஹாஃப், கேட்டோ என்று இரண்டே விமான நிலையம்.

இது நடக்காது என்று சோவியத் தரப்பு நினைத்திருந்தால் அதில் ஆச்சரியம் இல்லை. 1942-43 குளிர்காலத்தில் ஸ்டாலின்கிராடில் சிக்கிய ஜெர்மன் படைக்கு தினம் 500 டன் விமானத்தில் அனுப்புகிறேன் என்று கோரிங் வாக்குக் கொடுத்தார். போய்ச் சேர்ந்தது சராசரியாக நூறு டன் சொச்சம். அந்தப் படை பட்டினியில் அழிந்ததை நேரில் பார்த்தவர்கள் சோவியத்காரர்கள்.

ஆரம்பத்தில் அமெரிக்கர்களும் கிடைத்த விமானத்தை எல்லாம் கிடைத்த நேரத்தில் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். விமானிகள் தூக்கமில்லாமல் வீரமாகப் பறந்தார்கள். பத்திரிகைக்கு நல்ல செய்தி, ஆனால் சரக்கு போதவில்லை. ஜூலை கடைசியில் வில்லியம் டன்னர் என்ற ஜெனரலைப் பொறுப்பில் போட்டார்கள். இவர் குண்டு போட்டுப் பெயர் வாங்கியவர் இல்லை, சரக்குக்காரர். இவருடைய பழைய வேலை நம் அஸ்ஸாமில்! ஜப்பான் பர்மா ரோட்டை அடைத்தபோது, அஸ்ஸாமிலிருந்து இமயமலையைத் தாண்டி சீனாவின் குன்மிங்குக்கு விமானத்தில் சரக்குப் போனது. "ஹம்ப்" என்று பெயர். அதை 1944 செப்டம்பர் முதல் நடத்தியவர் டன்னர். விபத்துகளுக்குப் பேர்போன அந்தப் பாதையில் விபத்தையும் குறைத்து, சரக்கையும் கூட்டிக் காட்டினார்.

பெர்லினில் அவருக்குக் கிடைத்த வரவேற்பு ஆகஸ்ட் 13, வெள்ளிக்கிழமை. மேகம் தரையைத் தொடுகிற மாதிரி இறங்கியிருந்தது. டெம்பல்ஹாஃபில் ஒரு விமானம் ஓடுபாதையின் கடைசியில் விழுந்து எரிந்தது. அடுத்தது அதில் மோதாமல் இருக்க பிரேக் அடித்து டயர் வெடித்தது. மூன்றாவது தவறிப்போய் பாதி கட்டிய ஓடுபாதையில் இறங்கியது. மேலே வரிசையாக விமானங்கள் வட்டமடித்துக்கொண்டிருந்தன, அதில் ஒன்றில் டன்னரே இருந்தார். தன்னைத் தவிர எல்லாரையும் திருப்பி அனுப்பச் சொன்னார்.

அன்றைக்குப் பிறகு வந்த விதிகள்தான் இந்தக் கதையின் உயிர் என்று நினைக்கிறேன். வானம் தெளிவாக இருந்தாலும் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கவேண்டும். விமானத்துக்கு விமானம் மூன்று நிமிட இடைவெளி. அமெரிக்க விமானங்கள் தெற்குப் பாதையில் போய் நடுப்பாதையில் திரும்பவேண்டும், ஒன்வே மாதிரி. இறங்க ஒரே வாய்ப்பு. தவறினால் வட்டமடிக்கக் கூடாது, சரக்கோடு அப்படியே ஊருக்குத் திரும்பு! கேட்க அநியாயமாக இருக்கும். பத்து டன் கரி போய்விட்டு சும்மா வருகிறதே என்று தோன்றும். ஆனால் ஒருவர் இரண்டாவது முறை முயன்றால் பின்னால் வரும் இருபது பேர் நிற்கவேண்டும். ஒரு நடை நஷ்டமானாலும் வரிசை நஷ்டமாகக் கூடாது.

அடுத்தது தரையில். விமானி இறங்கி கேண்டீனுக்குப் போய்விட்டால் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகும் என்று நமக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. விமானத்தை விட்டு யாரும் போகக் கூடாது என்றார் டன்னர். பதிலுக்கு, காபியும் சிற்றுண்டியும் ஏற்றிய ஜீப் விமானத்துக்கே வந்தது. பரிமாற பெர்லின் பெண்கள். வானிலை அறிக்கையும் ஜீப்பிலேயே வந்தது. அரை மணி நேரத்தில் மறுபடி கிளம்பவேண்டும். நின்றுகொண்டிருக்கும் லாரிக்கும் தேய்மானம் உண்டு, வருமானம் இல்லை என்று லாரி ஓனர்கள் சொல்வார்கள், அதே விஷயம்.

விமானத்தையும் மாற்றினார்கள். டக்கோட்டா நிற்கும்போது வால் தரையில் இருக்கும், உள்ளே தரை சாய்வாக இருக்கும். மூட்டையை மேட்டில் தூக்கிப்போகிற மாதிரி. சி-54 மூக்குச் சக்கரம் வைத்தது, தரை சமமாக இருக்கும், லாரியைக் கதவோடு ஒட்டி நிறுத்தி மூட்டையைத் தள்ளிவிடலாம். அதோடு பத்து டன் ஏற்றும். 1,500 நடை 450 நடையாகிவிட்டது பாருங்கள். உலகத்தின் பல மூலைகளிலிருந்து சி-54-களை வரவழைத்தார்கள்.

சரக்கிலும் எடையைக் குறைத்தார்கள். ரொட்டியில் தண்ணீர் இருக்கிறது, ஆகவே மாவு. உருளைக்கிழங்கைக் காயவைத்து, இறைச்சியை எலும்பு நீக்கி அனுப்பினார்கள். உப்புதான் தலைவலி, சிந்தினால் விமானத்தின் உடலையே அரிக்கும். அதற்கு பிரிட்டிஷ்காரர்கள் கடல் விமானத்தைப் பிடித்தார்கள்! கடல் தண்ணீருக்கென்றே செய்த சண்டர்லேண்ட் விமானங்கள் ஹாம்பர்க்கிலிருந்து உப்போடு வந்து பெர்லினின் ஹாவெல் ஏரியில் இறங்கின. கரியை பட்டாளத்து கித்தான் பைகளில் கட்டினார்கள். அப்படியும் கரித்தூள் எல்லா இடுக்கிலும் புகுந்து மெக்கானிக்குகளின் உயிரை வாங்கியது.

பெட்ரோல், டீசல் வேலையில் பெரும் பங்கு பிரிட்டனின் தனியார் கம்பெனிகளுக்குப் போனது. போரில் மிஞ்சிய பழைய குண்டுவீச்சு விமானங்களை வாங்கி வைத்திருந்த சின்னச் சின்ன முதலாளிகள். அவர்களில் ஒருவர் ஃப்ரெடி லேக்கர். 1977-ல் ஸ்கைட்ரெய்ன் என்று லண்டன்–நியூயார்க் மலிவு டிக்கெட் விட்டாரே, அவரேதான். அவர் பிசினஸ் நிமிர்ந்தது பெர்லின் சரக்கில்.

இரண்டு விமான நிலையம் போதாமல் டேகெல் என்ற இடத்தில் மூன்றாவதைக் கட்டினார்கள். ஆயிரக்கணக்கான பெர்லின்வாசிகள், ஆண்களும் பெண்களுமாக, ஷிப்டு முறையில் வேலை செய்து சுமார் 90 நாளில் முடித்தார்கள். ஓடுபாதைக்குப் போட்ட ஜல்லி, குண்டு விழுந்து இடிந்த தங்கள் ஊர்க் கட்டிடங்களின் செங்கல். மூன்று வருடம் முன்பு அந்தக் கட்டிடங்களை இடித்தவர்களின் விமானம் இறங்கத்தான் அது!

மிட்டாய் விமானியைச் சொல்லிவிடுகிறேன். கேல் ஹால்வர்சன், சி-54 ஓட்டியவர். டெம்பல்ஹாஃப் வேலிக்குப் பக்கத்தில் நின்ற குழந்தைகளுக்கு இரண்டே சூயிங் கம் கொடுத்தார். கிடைக்காதவர்கள் அடித்துக்கொள்ளாமல் காகிதத்தை வாங்கி முகர்ந்து பார்த்தார்களாம். அடுத்து வரும்போது கைக்குட்டையில் பாராசூட் கட்டி மிட்டாய் போட்டார். விதிப்படி தப்புதான், மேலிடமே ரசித்து அனுமதித்துவிட்டது. 2022-ல் 101 வயதில் காலமானார்.

எல்லாம் சுபமாக நடந்தது என்று நினைக்கவேண்டாம். 1948 நவம்பர் 20-ல் மூடுபனியால், கிளம்பிய 42 விமானங்களில் ஒன்றுதான் பெர்லினில் இறங்க முடிந்தது. ஒரு கட்டத்தில் ஒரு வாரத்துக்கான கரிதான் மிச்சம். வீட்டுக்குக் கரண்டு தினம் சில மணி நேரம்தான். ஜனங்கள் மரங்களை வெட்டி எரித்தார்கள், கிழக்குப் பக்கம் போய் காய்கறி வாங்கி ஒளித்து எடுத்து வந்தார்கள். கிழக்கில் பெயரைப் பதிந்தால் ரேஷன் தருகிறோம் என்று சோவியத் கூப்பிட்டபோது போனவர்கள் மிகச் சிலரே. எனக்கு விமானிகளைவிட இவர்கள்தான் பெரியவர்களாகத் தெரிகிறார்கள்.

1949 ஏப்ரலில் ஈஸ்டர் சமயத்தில் டன்னர் ஒரு போட்டி வைத்தார். 24 மணி நேரத்தில் 1,398 நடை, 12,941 டன், அத்தனையும் கரி. நிமிடத்துக்கு ஒரு விமானம்! முதலில் நடக்காது என்று பார்த்தோமே, கிட்டத்தட்ட அதே கணக்கு, ஆனால் பத்து டன் விமானத்தில். மே 12-ல் சோவியத் ரோட்டைத் திறந்துவிட்டது. விமானம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. மேற்கு நாடுகள் பதிலுக்கு கிழக்கு ஜெர்மனிக்குப் போகும் கரியையும் எஃகையும் நிறுத்தியிருந்தன, அங்கே தொழிற்சாலைகள் திணறின. இதைப் படங்களில் யாரும் காட்டுவதில்லை.

செலவு? 22 கோடி டாலரில் ஆரம்பித்து 50 கோடிக்கு மேல் வரை கணக்கு சொல்கிறார்கள். குறைந்த கணக்கை எடுத்தாலும் டன்னுக்கு 95 டாலருக்கு மேல் வரும், கரியின் விலையைவிடப் பல மடங்கு. உயிரிழந்தவர்கள் 101 பேர். அதில் 31 பேர் அமெரிக்கர்கள், பிரிட்டிஷ்காரர்களும் ஜெர்மானியர்களும் மீதிப் பேர். பலர் விமானத்தில் இல்லை, தரையில் விபத்தில் போனவர்கள்.

பின்னால் வந்த சரக்கு விமானங்களில் இந்தப் பாடம் தெரிகிறது. 1954-ல் முதலில் பறந்த சி-130 ஹெர்குலஸைப் பாருங்கள்: தரை லாரி உயரத்தில், பின்னால் திறக்கும் சாய்தளம், லாரியே உள்ளே ஏறிவிடும். நம் விமானப்படையிலும் இதன் புது மாடல் இருக்கிறது. டெம்பல்ஹாஃப் 2008-ல் மூடப்பட்டு, இப்போது அதன் ஓடுபாதையில் ஜனங்கள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். செங்கல் ஜல்லி போட்டு அவசரத்தில் கட்டிய டேகெல்தான் வளர்ந்து பெர்லினின் பெரிய விமான நிலையமாகி, 2020 நவம்பர் வரை ஓடியது.