டைரக்டரிகளுக்கிடையே கணக்கு ஒத்திசைவு

ஒரு நிறுவனத்தின் பல டைரக்டரிகளில் ஒருவருக்குள்ள கணக்குகளைப் பிணைத்து, ஓரிடத்தில் செய்த மாற்றம் மற்ற இடங்களுக்கும் போய்ச் சேரச் செய்வது கணக்கு ஒத்திசைவு. பார்வைக்கு நகலெடுக்கும் வேலை. ஆனால் இதன் வரலாற்றைப் பின்தொடர்ந்தால், எந்த விவரத்துக்கு யார் சொல் செல்லும் என்ற உரிமைத் தகராறே திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. 1988இல் வந்த எக்ஸ்.500 தரம், உலகம் முழுவதையும் ஒரே மரமாக அடுக்க நினைத்தது; அது பலித்திருந்தால் ஒத்திசைவுக்கே வேலை இருந்திருக்காது. அந்தக் கனத்த ஏற்பாட்டை எளிதில் அணுக, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எல்டாப் நெறிமுறை உருவாகி 1993இல் வெளியானது. எல்லோருக்கும் பொதுமொழி கிடைத்தது. மரங்களோ தனித்தனியாகவே வளர்ந்தன. நாவெலின் என்டிஎஸ் அதே ஆண்டிலும், மைக்ரோசாஃப்ட்டின் ஆக்டிவ் டைரக்டரி 2000இலும் வந்தன. டொராண்டோவின் ஜூமிட் நிறுவனம் உருவாக்கி, 1999இல் மைக்ரோசாஃப்ட் வாங்கிக்கொண்ட மெட்டாடைரக்டரி இங்கே முக்கியமான சான்று. எந்தப் பதிவும் எந்தப் பதிவும் ஒரே ஆள் என்பதற்கு ஒரு விதி, பதவிப்பெயரைப் பணியாளர் துறையிடமிருந்தும் மின்னஞ்சல் முகவரியை அஞ்சல் சர்வரிலிருந்தும் எடுப்பதற்கு இன்னொரு விதி என்று எழுதிவைப்பதே அதில் பெரும்பாடு.

கடவுச்சொல்லில் சிக்கல் இன்னும் கூர்மை. ஆக்டிவ் டைரக்டரி எல்டாப் வழியே கடவுச்சொல்லை எழுதவிடும், படிக்கவிடாது. அதனால் 389 டைரக்டரி சர்வர் என்ற எல்டாப் டைரக்டரியின் பாஸ்சிங்க் நிரல் ஆக்டிவ் டைரக்டரியின் ஒவ்வொரு டொமைன் கன்ட்ரோலரிலும் உட்கார்ந்து, பயனர் கடவுச்சொல்லை மாற்றும் அந்தக் கணத்தில் அதைப் பிடித்து அனுப்புகிறது. மாற்றாதவருடையது நகர்வதே இல்லை. மைக்ரோசாஃப்ட்டின் மேகச் சேவைக்கு ஹாஷ் மட்டுமே போகிறது, அதுவும் உப்பு சேர்த்து 1000 சுற்று மீண்டும் ஹாஷ் செய்யப்பட்ட பிறகு.

2005இல் உள்நுழைவுத் தரமான சாம்ல் 2.0 வந்தபின், கணக்குகளை நகலெடுப்பானேன், உள்நுழைவை மூல டைரக்டரியிடமே கேட்டுக்கொள்ளலாமே என்ற வாதம் வலுத்தது. பாதி நியாயம்தான். உள்நுழையாதவரின் கணக்கைப் பற்றிச் சாம்ல் எதுவும் சொல்லாது. வேலையை விட்டுப் போனவரின் கோப்புகளும் ஏபிஐ சாவிகளும் தொலைவிலுள்ள சேவையில் அப்படியே கிடக்கும். கணக்கை உண்டாக்கவும் நீக்கவும் ஸ்கிம் என்ற தனித் தரம் 2015இல் தேவைப்பட்டதே இதற்குச் சாட்சி. நீக்குவதும் லேசல்ல: மூலத்தில் ஒரு பெயர் காணாமல் போனால் ஆள் போய்விட்டாரா, யாராவது வடிகட்டியைத் தவறாக மாற்றினார்களா என்று நிரலுக்குத் தெரியாது. அதனால்தான் மைக்ரோசாஃப்ட்டின் ஒத்திசைவுக் கருவி, வேறு அமைப்பு செய்யாதவரை, ஒரே சுற்றில் 500க்கு மேல் நீக்கங்கள் சேர்ந்தால் நின்றுவிட்டு நிர்வாகியின் முடிவுக்குக் காத்திருக்கிறது.