கிழித்துச் சேர்த்த புத்தகங்கள்

கும்பகோணத்தில் எங்கள் அப்பா பைண்டிங் கடை வைத்திருந்தார். கடை என்றால் வீட்டுத் திண்ணைதான். வக்கீல் வீட்டுக் கட்டுகள், மளிகைக் கடைப் பேரேடுகள், பள்ளிக்கூட நூலகத்தில் முதுகு கிழிந்த புத்தகங்கள் இவையெல்லாம்தான் அடுப்பெரிய வைத்தவை. ஆனால் கோடை விடுமுறை வந்தால் வேறொரு சரக்கு வரும். பழைய தினசரியில் சுற்றி, சணல் போட்டுக் கட்டிய தொடர்கதைத் தாள்கள். ஒரு வருஷம், இரண்டு வருஷம் வாராவாரம் பத்திரிகையிலிருந்து கிழித்து, தலையணைக்கு அடியிலும் அரிசிப் பானைக்குப் பின்னாலும் சேர்த்து வைத்தவை. கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். "நல்லா தைச்சுக் குடுங்கண்ணே, என் பொண்ணும் படிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

அந்தத் தாளைத் தைப்பது லேசான வேலை இல்லை. புதுப் புத்தகம் என்றால் பாரம் பாரமாக மடித்து வரும், மடிப்பில் ஊசியை விட்டால் போதும். பத்திரிகையிலிருந்து கிழித்ததோ ஒற்றைத் தாள். மடிப்பே கிடையாது. ஆகவே எல்லாவற்றையும் தட்டிச் சமமாக்கி, இடது ஓரத்தில் குத்தூசியைச் சுத்தியலால் அடித்துத் துளை போட்டு, மெழுகு தேய்த்த நூலால் குறுக்கே தைப்பார் அப்பா. இப்படித் தைத்த புத்தகம் முழுசாக விரியாது. உள் ஓரத்து எழுத்து இரண்டு தையலுக்குள் போய்விடும், கட்டை விரலால் அழுத்திப் பிடித்துத்தான் படிக்க வேண்டும். மைதாவைக் காய்ச்சி, பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலந்த பசை. மேலே அட்டை, முதுகுக்குக் காலிகோ துணி. அந்தப் பசை வாசனை எனக்கு இன்னமும் மே மாத வாசனைதான்.

என் வேலை தாளை வரிசைப்படுத்துவது. பக்க எண்ணை நம்ப முடியாது; ஒவ்வொரு இதழிலும் அது ஒன்றிலிருந்து தொடங்கும். சிலர் ஓரத்தில் பென்சிலால் தேதி எழுதியிருப்பார்கள், பலர் எழுதமாட்டார்கள். அத்தியாய எண் இருந்த மேல்துண்டும் கிழிந்து போயிருந்தால் ஒரு தாளின் கடைசி வரியையும் இன்னொரு தாளின் முதல் வரியையும் வைத்துப் பொருத்தம் பார்க்க வேண்டும். ஒருமுறை அவசரத்தில் இரண்டு வாரத்தை மாற்றி அடுக்கிவிட்டேன். செத்துப்போன ஆள் அடுத்த அத்தியாயத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தான். அப்பா தையலைப் பிரித்து மறுபடி தைத்தார். என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

எழுத வந்த பிறகுதான் தெரிந்தது, எனக்கு அந்தத் திண்ணைதான் பள்ளிக்கூடம் என்று. தைத்த புத்தகத்தை ஒரே ராத்திரியில் படித்தால் தொடர்கதையின் ஒட்டுகள் எல்லாம் கண்ணில் படும். ஒவ்வொரு ஏழெட்டுப் பக்கத்துக்கும் ஒருமுறை யாராவது அலறுவார்கள், கதவு தட்டப்படும், இல்லாவிட்டால் தந்தி வரும். அடுத்த பக்கத்தில் அந்த அலறல் பூனையைப் பார்த்து என்று தெரியும். பிறகு கதாநாயகன் யார், அவன் அப்பா எந்த ஊர், போன வாரம் எதற்காக ரயிலேறினான் என்று ஒரு பத்தி நினைவூட்டல். வாசகருக்கு ஏழு நாள் மறதி உண்டு. எழுத்தாளர் அதற்கு மருந்து கலந்தே எழுதியாக வேண்டும். கெட்டிக்காரர்கள் அந்த மருந்தை இரண்டு பேர் சண்டையில் ஒளித்து வைத்தார்கள். மற்றவர்கள் அப்படியே ஊற்றினார்கள்.

தொடர்கதை தமிழில் வந்த காலத்தில் இந்த அவசரம் இல்லை. வத்தலக்குண்டுக்காரர் ராஜம் ஐயர் 'கமலாம்பாள் சரித்திர'த்தை 'விவேக சிந்தாமணி' மாத இதழில் 1893 முதல் 1895 வரை எழுதினார். முடிக்கும்போது வயது இருபத்து மூன்றுதான், இருபத்தாறில் போய்விட்டார். முன்பாதியில் ஊர்வம்பு அவ்வளவு உயிரோடு இருக்கும், பின்பாதி வேதாந்தத்துக்குள் போய்விடும். வார இதழ்க்காரர் யாராவது பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போகவிட்டிருக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றும். அதே இதழில் அதற்கு முன்பே மாதவையா தொடங்கிய ஒரு கதை பாதியில் நின்றுபோனது.

வாசகரை அடைய அன்றைக்கு இருந்த இன்னொரு வழி கையொப்பம். எங்கள் ஊர்க் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த உ.வே. சாமிநாதையர், சீவக சிந்தாமணியை அச்சிட வீடுவீடாகப் போய்க் கையொப்பம் வாங்கிப் பணம் சேர்த்தார். 1887-ல் புத்தகம் வந்தது. புத்தகம் கண்ணில் படும் முன்பே அதற்கு வாசகர் பெயர்ப் பட்டியல் தயார்! பாரதி 1920-ல் போட்ட கணக்கு இதைவிடப் பெரிது. தன் எழுத்தெல்லாவற்றையும் நாற்பது புத்தகங்களாக்கி, ஒவ்வொன்றிலும் பத்தாயிரம் பிரதி, ஆக நான்கு லட்சம் அச்சிடப் போவதாகவும், அதற்குக் கடன் தரும்படியும் நண்பர்களுக்குச் சுற்றுக்கடிதம் அனுப்பினார். மண்ணெண்ணெய், தீப்பெட்டியைவிடச் சுலபமாக விற்றுப்போகும் என்று நம்பினார். பணம் வரவில்லை. மறு வருஷம் அவரே இல்லை. மண்ணெண்ணெய் வாங்கப் போகும் கடையிலேயே எழுத்தும் தொங்கிய காலம் பிறகு வந்தது. ஆனால் தொங்கியது புத்தகம் இல்லை, வாரப் பத்திரிகை.

அந்தக் காலத்தைக் கொண்டுவந்தவர்களில் முதல் பெயர் கல்கி. ஆனந்த விகடனில் அவர் எழுதிய 'தியாக பூமி'க்குச் சித்திரக்காரர் படம் போடவில்லை. அதே சமயம் எடுத்துக்கொண்டிருந்த சினிமாவின் புகைப்படங்களையே போட்டார்கள். தன் பெயரிலேயே பத்திரிகை தொடங்கியபின் 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்'. எங்கள் திண்ணைக்கு அதிகம் வந்தது அதுதான். கட்டைப் பிரித்ததும் அப்பா கதையைப் பார்க்கமாட்டார், படத்தைப் பார்ப்பார். மணியம் வரைந்தது என்றால் முதல் தடவை வந்தது, தாள் அப்பளமாக இருக்கும், குத்தூசியை மெதுவாக அடிக்க வேண்டும். வினு வரைந்தது என்றால் பிற்பாடு மறுபடி வெளியிட்டது, கொஞ்சம் தாங்கும். குமுதத்திலிருந்து எடுத்த சாண்டில்யன் கதைகள் அளவில் சின்னவை. லதாவின் படங்களோடு இருக்கும். அவற்றை வேறு கட்டுத் தாளோடு கலந்து கொடுத்துவிட்டால் ஓரம் வெட்டும்போது பெரிய தாளின் எழுத்து பறிபோகும்.

முடியாத கதைகளும் தைக்க வந்தன. கல்கி 1954 டிசம்பரில் இறந்தபோது 'அமர தாரா' ஆரம்பக்கட்டத்தில் இருந்தது. அவர் மகள் ஆனந்தி குறிப்புகளை வைத்து முடித்தார். சாமிநாதையரின் 'என் சரித்திரம்' 1940 முதல் விகடனில் வாராவாரம் வந்து, 1942-ல் அவர் மறைவோடு 122-ஆம் அத்தியாயத்தில் நின்றது. புத்தகமாக வந்தது 1950-ல்தான். இடைப்பட்ட எட்டு வருஷமும் கிழித்துத் தைத்தவர்கள் வீட்டில் மட்டும்தான் அது புத்தகம். சுஜாதா குமுதத்தில் தொடங்கிய 'கறுப்பு சிவப்பு வெளுப்பு' எதிர்ப்பு கிளம்பி நின்றபோது, ஒரு காலேஜ் பையன் மெல்லிசாகச் சில தாள்களைக் கொண்டுவந்தான். "இதுக்குப் போய் அட்டை போடணுமாப்பா?" என்றார் அப்பா. "போடுங்க, பின்னாடி வெள்ளைத் தாள் நிறைய வைங்க. மறுபடி எழுதுவாரு" என்றான். 'ரத்தம் ஒரே நிறம்' என்ற பெயரில் எழுதினார்தான். அந்தப் பையன் அதை எங்கே ஒட்டினானோ!

கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாகி, எல்லாப் பதிப்பகமும் மலிவு விலையில் போட்ட பிறகு திண்ணைக்கு அந்தச் சரக்கு வருவது நின்றது. அதற்குள் அப்பாவுக்கும் கை நடுங்க ஆரம்பித்திருந்தது.

நான் வரிசைப்படுத்தியதில் ஒன்றை மட்டும் மறக்க முடியவில்லை. ஒரு குடும்பக் கதை, நாற்பது வாரத்துக்கு மேல். நடுவில் ஒரு வாரம் இல்லை. யாரோ இரவல் வாங்கிப் போய்த் திருப்பித் தரவில்லையாம். அந்த இடத்தில் கோடு போட்ட நோட்டுத் தாளில் நீல மையில், நூலகத்துப் பிரதியைப் பார்த்து முழு அத்தியாயத்தையும் எழுதி வைத்திருந்தாள் அந்த அம்மா. படம் இருந்த இடத்தில் கட்டம் மட்டும் போட்டு விட்டிருந்தாள். பக்கத்து வீட்டில் அதே கதையைச் சேர்த்து வைத்திருந்ததால் எடுத்துவந்து ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு சொல் மாறவில்லை. ஆனால் ஆரம்பத்தில், போன வாரம் நடந்ததை எழுத்தாளர் நினைவூட்டும் பதினைந்து வரி, அதை மட்டும் அவள் எழுதவில்லை. அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார்.

"விட்டுட்டாங்களேப்பா, சேர்த்து எழுதி வைக்கட்டுமா?"

"வேணாம் பாப்பா. அப்படியே தை."